படிக்கக் கள்ளமா, கண்ணில் குறையா?

பள்ளிக்கூடம், 11 பிளஸ் ரியூசன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று லண்டனில் எமது பிள்ளைகள் வாசித்தபடியே இருக்கிறார்கள். "அம்மா, தலையிடிக்குது, எழுத்து ரெண்டாத் தெரியுது" என்று ஒரு பிள்ளை சொன்னால் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "படிக்கக் கள்ளம்!" தூரத்து எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை வாசித்த பிள்ளையென்றால் சந்தேகமே வராது.

அந்த அட்டை தூரப் பார்வைக்கானது. புத்தகம் இருப்பதோ ஒரு முழத்துக்குள். கிட்ட உள்ளதைப் பார்க்க இரு கண்களும் மூக்குப் பக்கம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் சக்தி குறைந்தால் வாசிக்க வாசிக்க எழுத்துகள் அசையும், கண் களைக்கும், பிள்ளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கும்.

சோதனை எளிது. கன்னத்தில் ஊன்றிப் பிடிக்கும், விமானப்படையின் பெயரைக் கொண்ட ஆர்.ஏ.எஃப். ரூல் என்ற அளவுகோலில் ஒரு குறியை மெல்ல மூக்கை நோக்கி நகர்த்துவார்கள். குறி எங்கே இரண்டாகிறது, எந்தக் கண் வெளியே விலகுகிறது என்று கவனிப்பார்கள். பொதுவாக 10 சென்ரிமீற்றர் வரையாவது இரு கண்களும் சேர்ந்து வரவேண்டும். சில பிள்ளைகளுக்குக் கண் விலகினாலும் இரண்டாகத் தெரியாது. அதனால் பிள்ளையின் பதில் மட்டும் போதாது.

இதற்குக் கண் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில், சிகிச்சை நிலையத்திலும் வீட்டிலுமாகப் பயிற்சி செய்தவர்களில் 73 வீதமானோர் குணமடைந்தனர் அல்லது முன்னேறினர். வீட்டில் பென்சிலைப் பார்த்துப் பயின்றவர்களில் 43 வீதம். பக்கத்தில் இருந்து செய்விக்க ஆள் வேண்டும் என்பதே எமது எண்ணம்.

ஆனால் பயிற்சி செய்தால் பரீட்சைப் புள்ளி ஏறும் என்று யாராவது காசு கேட்டால் நாங்கள் கொடுக்க மாட்டோம். அதே ஆய்வுக் குழு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, வாசித்து விளங்கும் திறனில் உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியை விட மேலாக இருக்கவில்லை. தலையிடி குறைவதே பெரிய காரியம் அல்லவா?

16 வயதுக்கு உட்பட்டோருக்கு என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம். போகும்போது "கிட்ட வாசிக்கத்தான் கஷ்டம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வைத்தியசாலையில் உள்ள ஓர்தொப்டிஸ்டிடம் அனுப்புவார்கள். திடீரென்று எல்லாமே இரண்டாகத் தெரிந்தால் மட்டும் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.