தாலி இல்லாத வீட்டுக்கு ஓர் உயில்

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரும், நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்மணியும் பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கலியாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்பது நமது வேலையல்ல. கேட்க வேண்டிய அண்டை வீட்டார் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். வீடு அவர் பெயரில் இருக்கிறது. கடனில் பாதி அந்த அம்மாளின் சம்பளத்திலிருந்து அடைந்தது. ஒரு நாள் அவர் மாரடைப்பினால் காலமாகிறார். காரியங்கள் முடிந்த மறுநாள் அந்த வீடு யாருடையது?

நிச்சயமாக அந்த அம்மாளுடையது அல்ல. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்துக்கு மகன், மகள், மனைவி, தாய் முதலியோரை 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டம் முதல் வரிசையில் நிறுத்துகிறது. அவர்கள் இல்லாவிட்டால் தகப்பனார், பிறகு உடன்பிறந்தார். கூட வாழ்ந்தவருக்கு அந்த ஜாபிதாவில் இடமே கிடையாது. அந்த அம்மாளே முந்திக் கொண்டால் விபரீதம் இன்னும் அதிகம். முன்னொரு கலியாணம் நடந்து, விவாகரத்து ஆகாமல் அவர் பிரிந்து வந்தவராயிருந்தால், பத்து வருஷமாக ஒரு கடுதாசி கூடப் போடாத அந்தக் கணவரே முதல் வாரிசாக வந்து நிற்பார்.

"நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தால் கோர்ட்டார் தம்பதிகள் என்றே கருதுவார்களாமே?" என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். ஏறக்குறைய ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இருவரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1978-இல் அப்படித்தான் ஊகித்தது. ஆனால் அது ஊகம். எதிர்க்கட்சிக்காரர் சாட்சியம் கொண்டுவந்து உடைக்கலாம். இருவரில் ஒருவருக்கு ஏற்கனவே கலியாணமாகியிருந்தது என்று ருசுவானால் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. கோயம்புத்தூர் ஆசிரியர் ஒருவரைப் பற்றிய ஜீவனாம்ச வழக்கில், 2010-இல், அதே நீதிமன்றம் திருமணம் போன்ற உறவுக்குச் சில நிபந்தனைகள் விதித்தது. சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் வரும் வரையில், ஊரறிய மணந்தவர்களும் சட்டத்தின் கண்ணுக்கு மணமாகாதவர்களாகவே இருந்தார்கள்!

சேமிப்பில் நாமினியாகப் பெயர் எழுதியிருக்கிறோம், அது போதும் என்று நினைப்பவர் பலர். நாமினி பணத்தை வாங்கிக் கொள்ளும் கை மட்டுமே. சொந்தக்காரர் வாரிசுதான் என்று ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றில் 1983-லேயே முடிவாகிவிட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் நாமினியானால் அப்பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். கூட வாழ்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. பிராவிடண்ட் பண்டிலோ, குடும்பமுள்ளவர் குடும்பத்தாரல்லாதவரை நாமினியாக எழுதினால் அது செல்லவே செல்லாது.

உயில் ஒன்றுதான் "இவர் உமக்கு என்ன உறவு?" என்று கேட்காத தஸ்தாவேஜு. அதை எழுதினால் ஆயுள் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நம்மிடம் மருந்தில்லை. முத்திரைக் காகிதம் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமல்ல, ஆனால் சார்பதிவாளர் முன் பதிந்தால் பின்னால் "இது அவர் கையெழுத்தே அல்ல" என்று சொல்வது கஷ்டம். சொத்தை அடையப் போகிறவர் சாட்சியாகவும் வேண்டாம், எழுதுவதில் முன்னின்று ஓடியாடவும் வேண்டாம். சந்தேகம் அங்கேதான் முளைக்கும். தாயாருக்கோ தம்பிக்கோ ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு இரண்டு வரி காரணம் எழுதிவைப்பது நல்லது. வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற நேரும். ஆகையால் எண்பது வயதுப் பெரியவரைத் தேடாமல் வயதில் இளையவர்களைப் பிடியுங்கள்.

இவ்வளவும் ஹிந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு, உயில் எழுதிய பின் கலியாணம் நடந்தால், அந்த இருவருக்குள்ளேயே நடந்தாலும், பழைய உயில் ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும். நெல்லிக்குப்பத்தில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மீதிக்கு, உயிரோடிருக்கும்போதே தானமாகக் கொடுத்துச் சுவாதீனத்தையும் ஒப்படைத்துவிடுவதே வழி.