தூதுவரின் குடி எது?

மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கிற என் ஊராருக்கு,

கொழும்புக்குப் புதிதாக ஒரு தூதுவர் வந்தால் நம்மவர் முதலில் துருவுவது அவருடைய பூர்வீகத்தைத்தான். 2015இல் வந்த அமெரிக்கத் தூதுவர் அதுல் கேஷாப் நைஜீரியாவில் பிறந்தவர், தகப்பன் பஞ்சாபி. 2022இல் வந்த ஜூலி சங் சியோலில் பிறந்து, சிறுவயதில் கலிபோர்னியாவில் குடியேறிய வீட்டுப் பிள்ளை. ஊர் விட்டு ஊர் போனவருக்குத்தான் அந்த வலி தெரியும், ஆகவே இடம்பெயர்ந்து நொந்த நமக்காக இவர்கள் ஒரு வார்த்தை கூடுதலாகக் கதைப்பார்கள் என்றொரு கணக்கு அந்தத் துருவலுக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு பிழை என்பதற்குத்தான் இந்த மடல்.

சங் வந்த வழியைப் பாருங்கள். வெளிநாட்டுச் சேவைக்கு இளையோரைத் தயார்செய்கிற பிக்கரிங் புலமைப்பரிசிலில் படித்தார். பிறகு தோக்கியோ, போகோட்டா, பாக்தாத், நொம்பென் என்று கால் நூற்றாண்டு சுற்றினார். ஜனாதிபதி பெயர் குறிக்க, செனட் சம்மதிக்க, தூதுவரானார். மொழி வருமா, எழுத வருமா, அரசின் நிலைப்பாட்டைப் பிசகாமல் சொல்ல வருமா என்பவைதான் அந்த வழியில் பார்க்கப்பட்டவை. குடியேறி வந்த பிரஜைக்கு அந்த நாட்டில் பிறப்பின் பேரால் அடைபட்ட கதவுகள் ஜனாதிபதி, உப ஜனாதிபதி பதவிகள்தாம். தூதுவர் கையளிக்கிற நற்சான்றுப் பத்திரமும் ஒரு நாட்டுத் தலைவர் மற்ற நாட்டுத் தலைவருக்கு எழுதுகிற கடிதம்: என் பேரில் இவர் சொல்வதை நம்புங்கள் என்பதே அதன் சாரம். அதில் சியோலுக்கு இடமில்லை.

வாதத்துக்கு ஜெனிவாவே சாட்சி. 2012, 2013, 2014 மூன்று ஆண்டும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான பிரேரணையை முன்னின்று கொண்டுவந்தது வாஷிங்டன். 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியது. அக்டோபரில் அதே பேரவையின் 30/1 இலக்கப் பிரேரணைக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. 2018 ஜூனில் அமெரிக்கா பேரவையை விட்டே வெளியேறியது. கடைசி இரண்டும் நடந்தபோது கொழும்பில் இருந்தவர் அதே கேஷாப். இரண்டு முடிவிலும் பஞ்சாபித் தகப்பனுக்கு என்ன வேலை? நம் ஊர் வழக்கமே இதைச் சொல்லும்: நம் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போகிறான். கோயில் திருவிழாவில் தாயின் குடியோடுதான் நிற்பான். ஆனால் அவன் விதைக்கிற வயலும் அடைக்கிற வேலியும் மனைவி வீட்டுடையவை. மாமியார் வீட்டு நெல்லை அள்ளிக்கொண்டு வா என்று எந்தத் தாயாவது கேட்டால் ஊர் சிரிக்கும். தூதுவரிடம் மட்டும் நாம் அதைக் கூசாமல் கேட்கிறோம். வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1965 முதல் 1980 வரை சிங்கப்பூரின் வெளிவிவகார அமைச்சர். அவர் காத்தது சிங்கப்பூரின் நலனை. இலங்கையின் வெளிவிவகார அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பின் வழக்கை உலகெங்கும் வாதாடினார். தமிழர் என்பதாலேயே நம்மில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். 2005இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வசைக்கு அடியிலும் கிடந்தது இதே கணக்குத்தான்.

அப்படியானால் பிறப்பு ஒன்றுமேயில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அகதியின் பிள்ளைக்கு எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று சற்று முன்னதாகவே தெரியலாம். தலைநகருக்கு அனுப்புகிற அறிக்கையில் ஒரு பந்தி கூடலாம். முடிவு அவருடையதல்ல. நாற்பது வருசமாக மனு கொடுத்துக் களைத்துவிட்டோம் என்பது அடுத்த மறுப்பு; அதில் நியாயம் நிறையவே உண்டு. ஆனால் அந்த மனுக்களில் பலவும் ஆளை நம்பி எழுதப்பட்டவை. தூதுவர் சில வருசத்தில் மாறிப்போவார், அவரோடு நமது கண்ணீரும் போய்விடும். அலுவலகத்தில் தங்குவது கோப்பு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் குந்தினார்களே, அந்த வழக்கை எடுங்கள். அடுத்த தூதுவர் மட்டக்களப்புக்கு வரும்போது, நீங்களும் குடியேறியவர்தானே என்று தொடங்க வேண்டாம். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில்: எந்தத் தரை, வரைபடத்தில் எங்கே, எந்தத் தேதியில் எத்தனை மாடு செத்தது, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, சொன்னதில் எது நடக்கவில்லை. பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு அதைக் கையில் கொடுங்கள்; ஒரு பிரதியை அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற இளம் அதிகாரியிடமும் கொடுங்கள்.

கடல் கடந்திருக்கும்
உங்கள் ஊரவன்