இருமலுக்கு எலும்பு டாக்டரா?

வயதான ஒருவருக்கு அடிக்கடி நிமோனியா வருகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்குகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் காய்ச்சல், இருமல். "வயசாயிடுச்சு, சளி உடம்பு" என்று வீட்டில் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். டாக்டரும் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து மருந்தை மாற்றுகிறார். சாப்பிடும்போது புரை ஏறுகிறதா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

கேட்டே ஆக வேண்டும். சிலருக்கு வயதாக ஆக முதுகெலும்பின் முன்பக்கத்தில், மெழுகு வழிந்து உறைந்த மாதிரி, கூடுதல் எலும்பு வளரும். ஃபோரெஸ்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1950-லேயே சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து இதை விவரித்து விட்டார். இன்றைக்கு அதன் பெயர் 'டிஷ்'. பெரும்பாலோருக்கு முதுகு விறைப்போடு சரி. ஆனால் கழுத்தில் அது பெரிதாக வளர்ந்தால் தொண்டையைப் பின்னாலிருந்து தள்ளும். விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூட வேண்டிய மூடி சரியாக மடங்காது. சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போகும். அப்புறம் நிமோனியா வராமல் என்ன செய்யும்?

நெஞ்சுப் பகுதியில் கதையே வேறு. அங்கே இந்த எலும்பு பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளரும். இடப்பக்கம் பெருந்தமனி துடித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். அந்த எலும்பு உரசும் இடத்தில் நுரையீரலில் ஒரு சின்னத் தழும்பு சி.டி. ஸ்கேனில் தெரியும். பொதுவாக ஆபத்தில்லாதது. ஆனால் ரிப்போர்ட்டில் 'ஃபைப்ரோசிஸ்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் படித்தால் குடும்பமே தூக்கத்தைத் தொலைக்கும்.

ஆக, கழுத்தெலும்பைப் பார்க்காததால் இருக்கிற காரணம் தப்பிக்கிறது. நெஞ்செலும்பைப் பார்க்காததால் இல்லாத நோய் மிரட்டுகிறது!

"இதெல்லாம் அபூர்வம்" என்பார்கள். அபூர்வம்தான், யார் மறுத்தது? பக்கவாதம் போன்ற காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் புரை ஏறுகிறதா என்று கேட்கக் காசு செலவா? கழுத்தைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே எலும்பு தெரிந்துவிடும். கண்டுபிடித்தால் வழியும் உண்டு: விழுங்கும் பயிற்சி, உணவின் பதத்தை மாற்றுவது, தேவைப்பட்டால் எலும்பைச் செதுக்கி எடுக்கும் ஆபரேஷன்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் ஒரே லெட்ஜரை நூறு தடவை கூட்டிப் பார்ப்பவனை யாரும் கணக்காளன் என்று சொல்வதில்லை. நுரையீரலுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று டாக்டர்கள் பிரித்துக்கொள்ளலாம். உடம்பு பிரித்து வைத்துக்கொள்ளவில்லையே!