கை மறப்பதில்லை



சென்ற வாரத் தபாலில் வந்த ஒரு கடிதம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்மணி. தாயாருக்கு வயது 78. இரண்டு வருஷமாக மறதி நோய், பார்வையும் மங்கிவிட்டது. "காஸ் அடுப்பு ஆபத்து என்று, அம்மா வெந்நீர் வைத்துக்கொள்ள மின்சாரக் கெட்டில் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைத் தூக்கிக் காஸ் அடுப்பின் மேல் வைத்துப் பற்ற வைத்துவிட்டாள். அடிப்பாகம் உருகி வீடெல்லாம் புகை! அன்றைக்கு எனக்கு லீவு. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! சமையலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா? அல்லது, அம்மாவுக்குச் சுலபமான சாமான் வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

பூட்டுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் பூட்டிப் பார்த்தவள். என் தாயாருக்கும் இதே வியாதிதான். ஒருநாள் பால் பாத்திரம் தீய்ந்து கரியாகிவிட்டதைக் கண்டு பயந்துபோய், சமையலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அம்மா பூட்டைத் தடவிப் பார்த்தாள். கோபிக்கவில்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நேரமாச்சே, நம்ம வீட்டுக்கு எப்போ போகலாம்?" என்று கேட்டாள். அடுப்படி இல்லாத வீடு அவளுக்குப் பிறத்தியார் வீடாகிவிட்டது! மூன்றாம் நாள் பூட்டை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன்னால் சில காரியங்கள் செய்தேன். அவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதல் காரியம், கண் வைத்தியரிடம் அழைத்துப் போவது. "மறதி வந்தவளுக்குக் கண் எதற்கு?" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கண்புரை என்றால் ஆபரேஷனில் பார்வை திரும்பக்கூடும். மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். கண்ணில் நீர் அழுத்தம் என்றால், போன பார்வை திரும்பாது. ஆனால் வைத்தியம் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். சிலருக்குப் பார்வையின் நடுப்பாகம் போய், ஓரம் மட்டும் தெரியும். எது போயிற்று, எது மிச்சம் என்று தெரிந்தால்தான், சாமானை எங்கே, எப்படி வைப்பது என்று தீர்மானிக்கலாம்.

இனி, கெட்டில் விஷயம். அந்தத் தாயார் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அறுபது வருஷமாக, தண்ணீர் உள்ள பாத்திரத்தை அடுப்பில்தானே ஏற்றினார்? அந்தக் கை, அன்றும் அதையே செய்தது. இந்த வியாதியில் நேற்று கற்றது முதலில் போய்விடும். கை பல வருஷம் பழகியது வெகுநாள் நிற்கும். ஆகவே கடைக்குப் போகுமுன், 'எது சுலபம்?' என்று கேட்காதீர்கள். 'எது அம்மாவின் கைக்குத் தெரியும்?' என்று கேளுங்கள். நமக்குச் சுலபமாக இருப்பது அவர்களுக்குப் புதிர்!

கெட்டிலுக்குப் பதில் பழைய பிளாஸ்க் போதும். காலையில் காபியைக் கலந்து, கொதிக்கக் கொதிக்க இல்லாமல், குடிக்கிற பதத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். மூடியைத் திருகித் தாமே ஊற்றிக்கொள்ள அநேகமாக எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும்.

இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமே என்பீர்கள். ஜுவாலை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வழவழவென்ற கண்ணாடியில் எந்த இடத்தைத் தொடுவது என்று மங்கிய கண்ணுக்கு எப்படித் தெரியும்? தீ தெரியாததால் அடுப்பு எரியவில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள். பாத்திரத்தை இறக்கிய பிறகும் அந்தக் கண்ணாடி சுடும். இதற்குப் பழைய அடுப்பே தேவலை; ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வெளியே போகும்போதும், இரவிலும், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கசிந்தால் தெரியட்டும் என்றுதான் காஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். ஆனால் இந்த வியாதியில் பலருக்கு மோப்ப சக்தியும் குறைந்துவிடுகிறது. ஆகவே, 'அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிடும்' என்று இருந்துவிடாதீர்கள். புது அடுப்பு வாங்குவதானால், தீ அணைந்தால் காஸ் தானே நின்றுவிடும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

சாதத்துக்கு ரைஸ் குக்கர் நல்லது. தானாக நிற்கும் இந்தக் குக்கரை ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறவரையில் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அரிசி தண்ணீரைக் குடித்துவிட்டால் சூடு ஏறும். உடனே விசை தட்டிவிடும். பொத்தான்களும் எண்களும் நிறைந்த ரகம் வேண்டாம்; ஒரே ஒரு விசை உள்ள பழைய ரகம் போதும். அரிசியும் தண்ணீரும் நீங்கள் அளந்து வையுங்கள். விசையை அழுத்துவது அம்மாவின் வேலையாக இருக்கட்டும். 'டக்' என்ற சத்தம், கண் பார்க்காததைக் காதுக்குச் சொல்லிவிடும்.

மற்றச் சாமான்களுக்கும் இதே கணக்குத்தான். ரேடியோவானால், திருகினால் 'டக்'கென்று பேசுகிற குமிழ் வேண்டும். நிலையத்தை நீங்கள் வைத்து, அந்தக் குமிழை ஒட்டுத் தாளால் அசையாமல் செய்துவிடுங்கள். மின்விசிறிக்கு ரிமோட் வேண்டாம். சுவரில் திருகுகிற ரெகுலேட்டர் போதும். டெலிபோனில் பெரிய பொத்தான்கள் இருக்க வேண்டும். பொத்தானில் உங்கள் புகைப்படம் ஒட்டிக்கொள்கிற ரகமும் கிடைக்கிறது. மணியும் கிழமையும் வாய்விட்டுச் சொல்கிற கடிகாரமும் உண்டு. "இன்னிக்கு என்ன கிழமை?" என்று நூறு தடவை கேட்டு உங்களிடம் கடிந்துகொள்ளப்படுவதைவிட, கடிகாரத்தைக் கேட்பது அவர்களுக்கும் கௌரவம்.

செலவில்லாத யோசனைகள் சில. வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் கறுப்பு ஒட்டுத் தாள் ஒட்டுங்கள். எந்த ஸ்விட்ச் என்று விரலுக்குத் தெரிய, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு! எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம் பளபளப்போடு கலந்துவிடும். அடர்ந்த நிறத் தட்டில் போடுங்கள். வாழையிலை அதைவிட மேல். தரையில் கறுப்பு மிதியடி வேண்டாம். பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் போய் விழுந்துவிடுவார்கள்.

சிலவற்றை ஒளித்துத்தான் ஆகவேண்டும். வாளியில் போடுகிற வெந்நீர்க் கம்பியை இன்றே அப்புறப்படுத்துங்கள். கீஸர் 60 டிகிரியில் இருந்தால், சில வினாடியில் தோல் வெந்துவிடும், குறைத்து வையுங்கள். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பிரஷர் குக்கர் மூன்றும் பரணுக்கோ பீரோவுக்கோ போகட்டும். எத்தனை விசில் ஆயிற்று என்பது நினைவில் நிற்காது அல்லவா? குத்துவிளக்கை அம்மாதான் ஏற்ற வேண்டும். ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அவர்கள் கண் முன்னால் எடுக்காதீர்கள். எடுத்த இடம் காலியாகவும் இருக்க வேண்டாம். மிக்ஸி இருந்த இடத்தில் ஒரு முறத்தில் கீரையை வையுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது. வாரத்துக்கு ஒன்று போதும். வியாதி ஆரம்பத்தில் இருக்கும்போதே தொடங்கினால் கை பழகிக்கொள்ளும். வீட்டில் யாருமே இல்லாத நேரத்துக்கு எந்தச் சாமானும் துணையாகாது. பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் இப்போது காலையில் கீரை ஆய்கிறாள். பதினொரு மணிக்குக் குக்கர் விசையை அழுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். 'டக்' என்றதும், "சாதம் ஆச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க!" என்கிறாள். என் பெயர் சில நாள் அவளுக்கு நினைவிருப்பதில்லை. அந்த விசையையும் மறக்கிற நாள் ஒன்று வரும். அன்று அதையும் எடுத்துவிட வேண்டியதுதான். அதுவரையில், எங்கள் வீட்டில் சாதம் வடிக்கிறவள் அவள்தான்.

ஆகவே சகோதரி, சாவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.