மூத்திரத்தை அளக்க என்ன கூச்சம்?

தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். மற்றவர்கள் உட்காருங்கள், கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஆச்சிக்குக் காய்ச்சல். நாலு நாள் கஷாயம், மாத்திரை என்று ஓட்டிவிட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆய்க்குடியிலிருந்து காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். உண்ணிக் காய்ச்சல் முற்றி செப்சிஸ் ஆகியிருந்தது. ஐ.சி.யூ.வில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் கலர் கலராய்க் கோடு ஓடும் மானிட்டர். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை. மானிட்டரைப் பார்க்காதவர் கிடையாது. பையைக் குனிந்து பார்த்தவர்தான் கிடையாது.

நான் நர்சிங் மூன்றாம் வருஷம் என்பதால் கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்கச் சிறுநீர்க் கட்டத்தில் ஒரே வார்த்தை: ‘போதுமானது’. எதற்குப் போதுமானது? செடிக்கு ஊற்றவா?

கணக்கு ஒன்றும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, குறைந்தது அரை மில்லி. ஆச்சி 50 கிலோ. ஆக மணிக்கு 25 மில்லி, எட்டு மணி நேரத்துக்கு 200 மில்லி, அதாவது இரண்டு சின்ன டீ கிளாஸ். (எடை போட்ட பிறகுதானே இந்தக் கணக்கு? ஷீட்டில் எடைக் கட்டமும் காலி. அது தனிக் கதை.) காலையில் பையைக் காலி செய்த அட்டெண்டரிடம் சித்தப்பா கேட்டிருக்கிறார். “ஒரு டீ கிளாஸும் கொஞ்சமும் இருக்கும் அண்ணாச்சி” என்று பதில். அதை அளக்கவில்லை, எழுதவில்லை, கொட்டியாயிற்று.

2012-ல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டிப்படி, இந்த அரை மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் போனாலே சிறுநீரகக் காயத்தின் முதல் நிலை. பன்னிரண்டு மணி நேரம் போனால் இரண்டாம் நிலை. 2016-ல் செப்சிஸுக்குப் புது வரையறை எழுதியபோது அடிப்படையாக வைத்த சோஃபா மதிப்பெண்ணிலும், ஒரு நாளைக்கு 500 மில்லிக்குக் கீழே போனால் 3, 200-க்குக் கீழே போனால் 4 என்று இருக்கிறது. ‘போதுமானது’ என்பதற்கு எந்த மதிப்பெண் போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலையில் டாக்டரிடம் கேட்டேன். “கிரியாட்டினின் 1.1 தான்மா, நார்மல்” என்றார். இங்கேதான் எனக்குக் கோபம். கிரியாட்டினின் முந்தாநாள் பேப்பர் மாதிரி. சிறுநீரகம் நின்றவுடன் அது ஏறிவிடாது, ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்துதான் ஏறும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். ஆச்சி மாதிரி சதை வற்றிய கிழவிகளுக்கு அது இயல்பிலேயே குறைவு, அதற்கு மேல் டிரிப்ஸ் வேறு ஏற்றி நீர்க்கச் செய்திருக்கிறோம். பையில் நேற்று ராத்திரியே எழுதியிருந்த சேதியை லேப் நாளை மறுநாள் சொல்லும். சொன்னது: 2.8. அப்புறம் திருநெல்வேலி, இரண்டு டயாலிசிஸ். ஆச்சி பிழைத்துக்கொண்டாள்.

அளந்திருந்தால் டயாலிசிஸே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. செப்சிஸில் பிரஷர் நன்றாக இருக்கும்போதே சிறுநீரகம் அடிவாங்கும். மூத்திரம் குறைந்ததும் சலைன் பாட்டிலாகத் தள்ளுகிறவர்களும் எனக்கு எதிரிகள்தான், அது நுரையீரலில் போய் நிற்கும். லாசிக்ஸ் ஊசி போட்டு சார்ட்டை அழகு பண்ணுவது அதைவிட மோசம். உடம்பில் நீர் தேங்கியிருந்தால் தவிர, சிறுநீரகக் காயத்துக்கு அது மருந்தில்லை என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அளவு குறைந்தால் ஆள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா? பிறகு பிரஷர், கை கால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீரகத்தைக் கெடுக்கிற மருந்து ஏதாவது ஓடுகிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு இதைச் செய்ய எந்த மெஷினும் வேண்டாம்.

“ஆள் இல்லைம்மா” என்பார்கள். உண்மை. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று பாடத்தில் படிக்கிறோம், வார்டில் எண்ணினால் சிரிப்பு வரும். ஆனால் மணிக்கொருமுறை பிரஷர் எழுத அதே ஆள்தானே வருகிறார்? சாதாரணப் பையில் 100 மில்லிக்கு ஒரு கோடு, 25 மில்லியைக் கடவுளால்கூடப் படிக்க முடியாது. மில்லி மில்லியாகக் கோடு போட்ட யூரோமீட்டர் சில நூறு ரூபாய்தான். எங்கள் பில்லில் அதைவிடக் கூடுதலாகக் கையுறைக்கே போட்டிருந்தார்கள்!

குழாயே தொற்றைக் கொண்டுவரும் என்பதும் சரிதான். தேவை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆனால் குழாயையும் போட்டு, தொற்று ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு, அளவையும் எழுதாமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

எனக்கு இதில் கூடுதல் எரிச்சல் ஏன் என்றால், எங்கள் ஊர் ஆய்க்குடி. 1981-ல் ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ஊர். 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர், 2020-ல் பத்மஸ்ரீ பட்டியலில் பெயர் வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பையைப் பார்த்துக்கொள்வது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, உயிர் விஷயம். அங்கே தேங்கினால் தொற்று, தொற்று ரத்தத்தில் ஏறினால் இதே செப்சிஸ். சக்கர நாற்காலிகளைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கும் கட்டிலுக்குக் கீழே கை காட்டிக் கேட்க நாக்கு எழவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரியே நான் கேட்டிருக்கலாம். சீனியர் அக்கா என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன்.

சித்தப்பா மட்டும் மாறிவிட்டார். இந்தத் தை மாசம் அத்தை வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியும் நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அட்டெண்டர் பையைத் திறந்தால் ஜாடியை நீட்டுவார், மணியோடு எழுதுவார். மூன்றாம் நாள் டியூட்டி நர்ஸ் வந்து, “அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்க அண்ணாச்சி, சார்ட் எழுதணும்” என்று வாங்கிக்கொண்டு போனாராம்.