ஒரு கையெழுத்துக்காக

மல்காஜ்கிரியில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 41. செகந்திராபாத் கன்டோன்மென்டும் ரயில்வேயும் கொண்டுவந்து சேர்த்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா இப்போது இல்லை. இவரும் ரயில்வே குமாஸ்தா. தம்பியைப் படிக்கவைத்தார், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார். தன் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அதற்காக அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது ஒரு குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

இந்தப் பெண் கற்பனை. இவர் நடந்தாக வேண்டிய பாதை கற்பனையல்ல.

முதலில், சட்டம் இவருக்கு எதிரியல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், மணமாகாத பெண் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்று அப்போதே சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம் மணமான பெண்ணுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. கணவன் தத்தெடுப்பான், மனைவி சம்மதிப்பாள். இந்த நிலை 2010இல் வந்த திருத்தத்தால்தான் மாறியது. 54 ஆண்டுகள், இந்த ஒரு விஷயத்திலாவது, தாலி இல்லாத பெண்ணுக்குத் தாலி உள்ள பெண்ணைவிட அதிக உரிமை இருந்தது.

அதற்கு முந்தைய கதை வேறு. அன்று பெயர் சுவீகாரம். வாரிசும் பிண்டமும்தான் நோக்கம், எடுப்பது ஆண் குழந்தையை, அதுவும் கணவனுக்காக. ராமநாதபுரம் சமஸ்தானத்து விதவை ராணி சுவீகாரம் எடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1868இல் தீர்ப்பு வந்தது: கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், அவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டு வழக்கப்படி விதவை சுவீகாரம் எடுத்தது செல்லும். சமஸ்தானத்து ராணிக்கே பங்காளிகளின் சம்மதம் தேவைப்பட்ட காலம் அது.

இன்று மல்காஜ்கிரிப் பெண்ணுக்குப் பங்காளிகள் தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் இளம் சிறார் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. மணமாகாதவர், விதவை, மணமுறிவு பெற்றவர் யாரும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். தனிப் பெண்ணுக்கு எந்தக் குழந்தையும் உண்டு. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதம் சேரும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். சம்பளம் எவ்வளவு, வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, பின்னால் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, தத்துப் பிள்ளை என்பதைக் குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள் என்றெல்லாம் கேட்பார். மாமியார் வீட்டுக்குப் போயிருந்தால்கூட இத்தனை கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கமாட்டோமே என்று தோன்றும். ஆனால் இவை நியாயமான கேள்விகள். ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தையை இன்னொரு வீட்டில் ஒப்படைப்பவர் கேட்காமல் விட்டால்தான் தவறு.

அடுத்தது வயதுக் கணக்கு. 2022ஆம் ஆண்டின் விதிகள்படி, தனியாக விண்ணப்பிப்பவருக்கு 40 வயதுவரைதான் 2 வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்கும். 45 வரை என்றால் 2 முதல் 4 வயதுக் குழந்தை. 50 வரை என்றால் 4 முதல் 8. தம்பிக்கும் தங்கைக்கும் முடித்துவிட்டு மூச்சு விட்டபோது நம் பெண்ணுக்கு 41 ஆகிவிட்டது. கைக்குழந்தை இனி இல்லை. அவர் வீட்டுக்கு வரப்போவது நடக்கும், பேசும், ஏற்கெனவே ஓர் இல்லத்தில் சிலரை இழந்துவிட்டு வரும் குழந்தை. அது தெலுங்கோ இந்தியோ பேசிக்கொண்டு வரலாம். மல்காஜ்கிரித் தமிழ் வீடுகளுக்கு அது பெரிய சிக்கலல்ல. அங்கே பிள்ளைகள் ஒரே மூச்சில் இரண்டு மூன்று மொழி பேசுகிறார்கள். தெலுங்கிலும் அம்மா, அம்மாதான்.

இந்த வயதுக் கணக்கு இன்னோர் இடத்திலும் இடிக்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு உண்டு. ஆனால் குழந்தை 1 வயதுக்குள் இருக்க வேண்டும். தத்து விதிகளோ 40ஐத் தாண்டிய தனிப் பெண்ணுக்கு 2 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கொடுப்பதில்லை. ஒரு விதி கையில் கொடுத்ததை இன்னொரு விதி பிடுங்கிக்கொள்கிறது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதை உரிமையாகக் கேட்க முடியாது, அதிகாரி மனம் வைக்க வேண்டும். புது வீடு, புது முகம், புது வாசனை என்று இரவில் விழித்து அழும் 3 வயதுக் குழந்தைக்குத்தான் அம்மா அதிக நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எந்தக் கோப்புக்கும் தெரிவதில்லை.

பிறகு காத்திருப்பு. நாட்டில் பதிவு செய்து காத்திருப்பவர்கள் 30,000க்கும் மேல். 2024-25இல் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 4,500. பல ஆண்டுகளில் இதுதான் அதிகம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பது இப்போது சாதாரணம். குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் வந்தால் 48 மணி நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகளுக்காக வரிசை நீளும்போது, 6 வயது, 8 வயது ஆனவர்களும் உடல்நலக் குறை உள்ளவர்களும் இல்லங்களிலேயே வளர்கிறார்கள் என்பது இந்தக் கணக்கின் மறுபக்கம்.

காத்திருக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. தெரிந்த நர்ஸ், தெரிந்த ஆர்.எம்.பி. டாக்டர், "ஒரு குழந்தை இருக்கிறது, பணம் கொடுத்தால் இந்த வாரமே" என்ற பேச்சு. ஹைதராபாத்துக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 1999இலும் 2001இலும் தெலங்கானாப் பகுதி லம்பாடி தண்டாக்களில் ஏழைத் தாய்மாரிடம் பெண் சிசுக்களைச் சொற்பக் காசுக்கு வாங்கி, தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பிய விவகாரம் வெடித்தது. அதன் பிறகுதான் அன்றைய ஆந்திர அரசு தனியார் இல்லங்களை நம்பாமல் தத்துப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்படியும் தீரவில்லை. 2024 மே மாதம், இதே மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்து மேடிபள்ளியில் தொடங்கிய விசாரணையில், டெல்லியிலிருந்தும் புனேயிலிருந்தும் கொண்டுவந்து விற்கப்பட்ட பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ராச்சகொண்டா போலீசார் மீட்டனர். வாங்கியவர்களில் பலர் பிள்ளையில்லாத் தம்பதிகள். மாதக்கணக்கில் மடியில் வளர்த்த குழந்தையைப் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறுக்கு வழியில் கிடைக்கும் குழந்தைக்கு விலை உண்டு. அதைப் பணத்தால் மட்டும் கொடுப்பதில்லை.

ஆகவே நம் பெண் நேர்வழியில் நிற்கிறார். காகிதங்கள் எல்லாம் தயார். ஒன்றைத் தவிர.

தனியாக விண்ணப்பிப்பவரிடம் கேட்கப்படும் காகிதம் அது. எனக்கு ஏதாவது நேர்ந்தால் இந்தக் குழந்தையை இவர் பார்த்துக்கொள்வார் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. தங்கை புகுந்த வீட்டைக் கேட்க வேண்டும். இருப்பது தம்பி. அவனைப் படிக்கவைக்க இவர் எத்தனை முறை பி.எஃப். கடன் வாங்கினார் என்பது இருவருக்கும் தெரியும்.

"கையெழுத்துதானே அக்கா, போட்டுட்டாப் போச்சு. ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பின்னால் எத்தனையோ இருக்கும். யார் பெற்றதோ, என்ன ஜாதியோ. அப்பா கட்டிய வீட்டில் பங்கு கேட்குமோ. தன் பிள்ளைகளுக்கு வர வேண்டியது குறையுமோ. அக்கா இதுவரை வீட்டுக்கு எல்லாம் செய்தார். இனி தனக்கென்று ஒன்று செய்யப் போகிறாரே என்ற அதிர்ச்சியும் இருக்கும். 1868இல் ராமநாதபுரத்துப் பங்காளிகள் நின்ற இடத்தில் இன்று தம்பி நிற்கிறான். வித்தியாசம் ஒன்றுண்டு. அன்று கேட்டது அனுமதி. இன்று கேட்பது துணை.

துணை இல்லாமலும் சாதிக்கலாம் என்பார்கள். சுஷ்மிதா சென்னைக் காட்டுவார்கள். 2000இல், 24 வயதில், மணமாகாமலேயே அவர் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார், 2010இல் இன்னொன்று. துணிச்சல்தான். ஆனால் பிரபஞ்ச அழகியின் பெயரைக் கேட்டதும் திறக்கும் கதவுகள் குமாஸ்தாவுக்குத் திறப்பதில்லை. அவருக்கு நெருக்கமான உதாரணம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. மணமுறிவு பெற்ற ஓர் ஆசிரியை தன் சகோதரியின் மகளைத் தத்தெடுக்க விரும்பினார். பெற்றோருக்குச் சம்மதம். புசாவல் நீதிமன்றம் 2022இல் மறுத்தது: தனியாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார், குழந்தையைக் கவனிக்க நேரம் இருக்காது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் வேலைக்குப் போகத்தான் செய்வார். அவரை வீட்டிலிருக்கும் தாயோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது மத்திய காலத்து மனப்போக்கு என்று கண்டித்தது. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பக்கபலம் தீர்ப்பு மட்டுமல்ல. நீதிமன்றம் மறுத்தபோதும் பின்வாங்காத சகோதரியும்தான்.

தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவை நடக்கும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவுக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை, கலெக்டரே கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வரும். 2016 முதல் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018 முதல் தாய் மட்டுமே உள்ளவருக்கு பான் கார்டில் தந்தை பெயர் கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாளர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அரசாங்கத்தின் காகிதங்கள் மெல்லத் திருந்திக்கொண்டிருக்கின்றன.

திருந்த வேண்டியது வீட்டின் கூடத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் வெறும் சடங்கல்ல. அந்தக் குழந்தையை ஏற்கெனவே ஒருமுறை யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாவது முறை அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் உறவினரிடம் எழுதி வாங்குகிறார்கள். அக்கா குழந்தைக்குத் தாயாகலாம். அதற்குச் சட்டம் போதும். மாமாவாகச் சட்டத்தால் யாரையும் ஆக்க முடியாது. அவன் பேனாவை எடுக்க வேண்டும்.