செவ்வாயில் உருளைக்கிழங்கு: கிராமத்து நூலகத்துக்கு விண்வெளிக் கதைகள் ஏன் வேண்டும்?

போன மாதம் உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி, போனில் 'தி மார்ஷியன்' படம் பார்த்திருக்கிறான். செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர், அங்கேயே உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் கதை. என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அக்கா, எரு போட்டது ஓகே. ஆனா அவ்ளோ தண்ணி அங்க ஏது? படத்துல வேகமா ஓட்டிட்டாங்க. இது புக்கா இருக்குதா?"

இருக்கிறது. படமே ஆண்டி வியர் எழுதிய நாவலிலிருந்து வந்ததுதான். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்துத் தண்ணீர் தயாரிப்பதை அந்த நாவல் பொறுமையாக, கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் தம்பியால் ஆங்கிலத்தில் அதைப் படிக்க முடியாது. அவன் போகும் நூலகத்தில் அந்தப் புத்தகமும் இல்லை, அந்த மாதிரி புத்தகமும் இல்லை. "அங்க டிஎன்பிஎஸ்சி புக்கும் பழைய நாவலும்தான்கா இருக்கு" என்றான்.

விவசாயி வீட்டுப் பையன் படம் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறான். அது விண்வெளிப் பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் புத்தகம் அவன் கைக்கு எட்டவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்னை.

எந்த மூன்று வகைக் கதைகள்?

ஆண்டுதோறும் சர்வதேசப் பதிப்பகங்கள் வெளியிடும் 'விரைவில் வரும் நூல்கள்' பட்டியல்களைப் பார்த்தால், மூன்று வகைகள் திரும்பத் திரும்ப வரும்.

• விண்வெளிப் பயணக் கதைகள். 'தி மார்ஷியன்' இந்த வகை. இதை எழுதியவர் முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். 2011-இல் தானே மின்நூலாக வெளியிட்டார். படம் வந்தது 2015-இல்.

• விலங்குகளை வைத்துச் சொல்லப்படும் இருண்ட கதைகள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' (1945), முயல்கள் புது இடம் தேடி ஓடும் ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' (1972) ஆகியவை இதன் மூத்த தலைமுறை.

• பேரழிவுக்குப் பிறகு பிழைத்திருப்பவர்களின் கதைகள். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' (2006) இதில் முக்கியமானது. அழிந்த அமெரிக்காவின் எச்சத்தில் நடக்கும் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் புதிய நாவல் 2025 மார்ச்சில்கூட வந்தது.

"இதெல்லாம் சிட்டி பசங்க சமாச்சாரம், நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று ஒரு குரல் கேட்கும். என் கருத்து நேர் எதிர். இந்த மூன்று வகைக்கும் உத்திரமேரூர் மாதிரி ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமான வாசகர்கள் கிடையாது.

விண்வெளி: அது நம்ம ஊர் வேலைதான்

2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். உத்திரமேரூரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அவர் முதலில் படித்தது டிப்ளமோ. ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவர். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடி. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது.

அதாவது, விண்வெளி வேலைக்கு ஆட்களை அனுப்புவதில் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்த ஊர்களுக்கு விண்வெளிக் கதைகளை அனுப்புவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

தமிழில் எழுத ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் ஒரு தலைமுறையே வாரா வாரம் காத்திருந்து படித்தது. மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர் மட்டுமே அனுமதிக்கப்படும் ஒரு சர்வாதிகார எதிர்காலம், அதில் புத்தகம் படிக்கும் ஒரு இயந்திர நாய். ஜெயமோகன் 'விசும்பு' என்ற தொகுப்பில் அறிவியல் கதைகள் எழுதினார். ஆயிஷா இரா.நடராசன் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' நூலுக்கு 2014-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினார். நல்ல நூல்கள் இருக்கின்றன. ஆனால் சுஜாதாவுக்குப் பிறகு யார் என்று கேட்டால், என் வயதில் பலரும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறோம். அந்த யோசனைதான் இடைவெளியின் அளவு.

விலங்கு: 'டார்க்' நமக்குப் புதுசா?

"பிள்ளைங்களுக்கு இருட்டான கதை ஆகுமா?" என்பது பெற்றோரின் நியாயமான கவலை. ஆனால் நம் பாட்டிகள் சொன்ன கதைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நரி ஏமாற்றும், சிங்கம் கிணற்றில் விழும், கொக்கு மீன்களை ஒவ்வொன்றாகத் தின்னும். பஞ்சதந்திரத்தில் ஒரு விலங்கு சாகாமல் பாதிக் கதை நகராது. காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தின் சிக்கலே, ஒரு காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரத்தை நாய் தூக்கிக்கொண்டு போனதுதான். இதைவிட 'டார்க் காமெடி' வேண்டுமா?

நம் காலத்துக்கு வந்தால், பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) இருக்கிறது. எழுத்தே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த எழுத்தாளர், திரும்பி வந்தபோது கையில் எடுத்தது ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியை. பிறக்கும் ஆடுகளுக்குக்கூட அரசாங்கப் பதிவும் காதில் அடையாளமும் தேவைப்படும் ஊர் அது. பசி, பஞ்சம், அதிகாரம் எல்லாம் ஓர் ஆட்டின் கண் வழியாக வரும். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 2018 ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது.

வீட்டில் ஆடு வளர்க்கும் பிள்ளை இந்தக் கதையைப் படிக்கும் விதம் வேறு. அபார்ட்மென்ட்டில் வளர்ந்த நான் படித்த விதம் வேறு. பண்டிகைக்கு முதல் நாள் வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆடு மறுநாள் இல்லாமல் போவதை அந்தப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்கும். அந்த அனுபவத்துக்கு வார்த்தை கொடுப்பதுதான் கதையின் வேலை. பயத்தை மறைத்து வைப்பதால் அது போய்விடாது.

பேரழிவு: நாம் பார்க்காததா?

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவிருக்கிறதா? செம்பரம்பாக்கம் என்ற பெயரே அன்று பயமாக மாறியது. நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழ். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. ஒரு மாநகரம் தண்ணீர் ரயிலுக்குக் காத்திருந்தது. இதை யாராவது நாவலாக எழுதிக் கொடுத்திருந்தால், 'ஓவர் கற்பனை' என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

தமிழில் இந்த வகைக்கு வேர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மணிமேகலைக் காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. மழை பொய்த்துப் பசியில் கிடக்கும் காஞ்சி நகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். மனிதர்களுக்கு மட்டும் அல்ல, விலங்குகளுக்கும் சோறு கிடைக்கிறது. நகரம் அழிவது, பஞ்சத்தில் இன்னொரு நகரம், கையில் ஒரே ஒரு பாத்திரம், அதை வைத்து எல்லோரையும் காப்பாற்றப் பார்க்கும் ஓர் இளம்பெண். இன்றைய பதிப்பாளரிடம் இதைச் சொன்னால் எந்த அலமாரியில் வைப்பார்?

உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரையும் இங்கே சொல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கும் இடம். தேர்தலுக்காகத்தான் எல்லோரும் இதைப் பேசுவோம். ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'தண்ணீர் போனால் ஊர் போகும்' என்று தெரிந்து, அதற்கென்று ஒரு குழு வைத்த ஊர் இது. "தண்ணி ஏது?" என்று என் தம்பி கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

புத்தகம் ஊருக்கு எப்படி வருகிறது?

உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். சொத்து வரியில் 100 ரூபாய்க்கு 10 ரூபாய். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் இதை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-இல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டு மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டு போனார்கள். வண்டி மாடு நடக்கும் வேகத்தில் புத்தகம் போன காலத்திலேயே அந்த விதி இருந்தது.

இன்று புத்தகங்களைத் தேர்வு செய்து வாங்குவது பொது நூலகத் துறை. 2024-இல் வெளிப்படையான கொள்முதல் கொள்கை வந்தது. பதிப்பாளர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். நல்ல மாற்றம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறது. அதுவும் நல்ல முயற்சி. ஆனால் 'பற' முடித்த பிள்ளை அடுத்து எங்கே போகும்? 12 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு நம்மிடம் புத்தகம் ரொம்பக் குறைவு. சிறுவர் கதை சின்னதாகிவிட்டது, பெரியவர் நாவல் இன்னும் கனமாக இருக்கிறது. மேலே சொன்ன மூன்று வகைகளும் சரியாக அந்த இடைவெளியில்தான் உட்காரும்.

"வேலைக்கு உதவுமா?"

சிற்றூர் நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குத்தான் தேவை அதிகம். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு அரசு வேலை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும். நான் கேட்பது அந்த அலமாரியைக் காலி செய்யச் சொல்லி அல்ல, பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொல்லி. தேர்வுப் புத்தகம், இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கற்றுத் தரும். இதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கப் பழக்குவது கதை.

"போன்லயே எல்லாம் இருக்கே" என்பது அடுத்த வாதம். பிரதிலிபியில் இரவு முழுக்க படிக்கத் தமிழ்க் கதைகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டு போகும் போன் என்றால்? நூலகப் புத்தகத்துக்கு சார்ஜ் தேவையில்லை, ரீசார்ஜும் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

1. கொள்முதலில் 12-18 வயதினருக்கென்று தனிப் பிரிவு வேண்டும். அதில் அறிவியல் புனைவு, மாயப்புனைவு இரண்டுக்கும் இடம் வேண்டும்.

2. 2023-இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி மூலம் மொழிபெயர்ப்பு மானியம் தரப்படுகிறது. தமிழ் நூல்கள் வெளியே போவது பெருமை. கூடவே இளையோருக்கான நல்ல நூல்கள் தமிழுக்கு உள்ளே வரவும் மானியத்தில் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

3. மாவட்டப் புத்தகத் திருவிழா காஞ்சிபுரத்தோடு நிற்காமல், ஒரு நாளாவது தாலுகா ஊர்களுக்கு வண்டியில் வரட்டும். மாட்டு வண்டியால் முடிந்தது வேனால் முடியாதா?

4. இதைப் படிக்கும் உங்களுக்கு: 1,000 ரூபாய் கட்டினால் உங்கள் சொந்த ஊர் நூலகத்துக்குப் புரவலர் ஆகலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நூலகரைப் பார்த்து, "இந்த மாதிரி புத்தகம் வாங்குங்க சார்" என்று எழுதியே கொடுங்கள். யாரும் கேட்கவில்லை என்பதும் பட்டியலில் வராததற்கு ஒரு காரணம்.

குடத்துக்குள் என்ன போடுகிறோம்?

குடவோலை முறையில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அவனுக்கு எழுத்து தெரியாது, சூது தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு. சுவாரஸ்யம் என்னவென்றால், நமக்கு அறிவியல் கதை பழக்கிய சுஜாதாதான் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர். குடத்திலிருந்து இயந்திரம் வரை வந்துவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. குடத்துக்குள் பெரியவர்கள் போட்டதுதான் சிறுவனின் கையில் வரும். நூலகமும் அப்படித்தான். அதில் விண்வெளி இல்லையென்றால், பேசும் விலங்கு இல்லையென்றால், அழிவுக்குப் பிறகும் பிழைக்கும் வழி இல்லையென்றால், அது பிள்ளையின் ரசனைக் குறைவு கிடையாது. நாம் அந்த ஓலையை எழுதவே இல்லை.

தம்பிக்கு ஹைட்ரசின் விஷயத்தை நானே ஒரு பேப்பரில் படம் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கதைய நீங்களே தமிழ்ல எழுதலாமேக்கா" என்றான். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.